அக்கா குருப்பட்டம் பெறவில்லை

டோர்செட் பார்க்
ரொறன்ரோ
19.03.1995

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி பஸ்ரியனுக்கு,

முதலில் ஒரு பிழையைத் திருத்திவிட்டுச் சுகம் விசாரிக்கிறேன். நான் குருப்பட்டம் பெறவில்லை. வேதமும் மாறவில்லை. வெள்ளை அங்கியோடு நான் நிற்கும் படம் ஒன்று இங்கே இலவசமாக வீசும் பேப்பரில் வந்தது உண்மை. அதை வெட்டி, "செலீன் அக்கா புரட்டஸ்தாந்துச் சுவாமியாராகிவிட்டா" என்று எழுதி உனக்கு அனுப்பியவள் நம்முடைய பெரியம்மாவின் மகள் றீற்றா என்று என் மகன் வின்சன் சொன்னான். றீற்றாவுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலேயே கேள்வியை முழுவதும் வாசிக்கும் பொறுமை இல்லை. படத்தின் கீழே "வாசகர்" என்றுதான் போட்டிருந்தது.

நீயும் பிலோமினாவும் சுகமாக இருக்கிறீர்களா? அவளுடைய முழங்கால் நோவு குறைந்ததா? உன் மகள் றஜிதா பாவம், அந்த வயதில் கைம்பெண்ணாக இரண்டு பிள்ளைகளோடு உங்களிடம் வந்திருக்கிறாள். அவளை அதிகம் அதட்டாதே.

இனி நடந்தது. போன வருடம் தை மாதம் நான் மார்க்கம் நகரத்தில் வின்சன் வீட்டை விட்டு இங்கே தனியாக வந்தேன். சண்டையில்லை. ஒரு குசினிக்கு ஒரு பெண் போதும், அவ்வளவுதான். முதல் ஞாயிறு கத்தோலிக்கக் கோயிலுக்குப் புறப்பட்டேன். இரண்டு பஸ் மாறவேண்டும். இரண்டாவது பஸ் வரவில்லை. வெக்ஸ்போர்ட்டில் பனிக்குள் நின்றபோது பக்கத்தில் மணி அடித்தது. சின்னக் கோயில். அந்த இடமெல்லாம் தோட்டமும் மாடுமாக இருந்த காலத்தில் நாலைந்து விவசாயக் குடும்பங்கள் கட்டியதாம். சுற்றிவர அவர்களுடைய கல்லறைகள், அதற்கப்பால் கார் ரயர் கடையும் மாடிக் கட்டடங்களும். பெயர்ப்பலகையைப் பனி மூடியிருந்தது.

உள்ளே பீடம், மெழுகுதிரி, முழந்தாளிடும் பலகை. பச்சை உடுப்போடு வயதான சுவாமி ஒருவர். சனம் சிலுவை அடையாளம் போட்டது. நம்முடைய கோயில்தான் என்று நினைத்தேன். ஊர் வழக்கப்படி வாசலில் பூட்சைக் கழற்றிவிட்டு, பெண்கள் பக்கமென்று இடப்பக்கம் போய், முக்காடு போட்டுக்கொண்டு இருந்தேன். அந்தக் குளிரில் வெறுங்காலோடு வந்த கிழவியைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு நான் இருந்த இடத்தில் ஒரு சோடி கம்பளிக் காலுறை இருந்தது. வைத்தவர் ஹார்ட்லி என்ற முதியவர். அந்தக் கோயிலின் பொறுப்பாளர். உன்னைப் போல் மூப்பர் என்று வைத்துக்கொள்.

மூன்றாம் ஞாயிறு அந்தச் சுவாமியைக் காணவில்லை. அவருடைய உடுப்பில் ஒரு பெண் பீடத்துக்கு வந்தா. நான் எழுந்து நின்று, கன்னியர் மடத்தில் மதர் யூஜின் படிப்பித்த ஆங்கிலத்தில், சுவாமி எங்கே என்று உரத்துக் கேட்டேன். கோயில் முழுவதும் திரும்பியது. அந்தப் பெண் படியிறங்கி என்னிடம் வந்து, இது அங்கிலிக்கன் கோயில், தன் பெயர் எலனோர், தான்தான் இங்கே குரு, லீவில் நின்றபடியால் அந்தப் பெரியவர் வந்தார் என்று சொன்னா. இருக்க விருப்பமென்றால் இருக்கலாம், போக விருப்பமென்றால் ஹார்ட்லி காரில் கொண்டுபோய் விடுவார் என்றும் சொன்னா. எனக்குக் கடும் கோபம். கோபத்தில் எழும்பிப் போவது மரியாதையில்லை என்று மதர் யூஜின் சொல்லித் தந்திருக்கிறா. ஆகவே இருந்தேன்.

முதல் இரண்டு ஞாயிறும் அறியாமல் அவர்களுடைய பீடத்து அப்பத்தை நன்மையாக வாங்கியதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே நன்மை வாங்கியதில்லை. சனி பின்னேரம் கத்தோலிக்கக் கோயிலில் பூசை, ஞாயிறு காலை சென். ஒஸ்வால்ட் என்ற இந்தச் சின்னக் கோயிலில் வாசகம். கடமையில் ஒரு குறையும் இல்லை. வாசிக்கும்படி அவர்களாகக் கேட்கவில்லை. வேதப்புத்தகத்தில் எசாயா என்ற பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னார்கள். சகிக்க முடியாமல் சொன்னேன். அப்படியென்றால் நீங்களே வாசியுங்கள் என்று அங்கியைத் தந்தார்கள்.

இதைக் கேட்பவர்களுக்கெல்லாம் சொல். எல்லோருக்கும் என் அன்பு.

உன் அக்கா
செலீன்


கொய்யாத்தோட்டம்
யாழ்ப்பாணம்
22.04.1995

இயேசு மரி சூசை துணை

பாசமுள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். பிலோமினாவுக்கு முழங்கால் அப்படியேதான். தங்களுக்குக் குளிர் ஒத்துவருகிறதா என்று கேட்கச் சொன்னா. சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டபடியால் இது எப்போது வந்து சேருமோ தெரியாது.

அக்கா, நீங்கள் நீட்டி எழுதியிருக்கிறீர்கள். சனத்துக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை. பூசை முடிந்து நான் வாசலில் நிற்க ஒருவர் வந்து, "மூப்பர், உங்கட அக்கா அங்க பூசை வைக்கிறாவாமே?" என்று கேட்கிறார். மற்றவர், "எங்களுக்கும் ஒருக்கா வந்து வைக்கச் சொல்லுங்கோவன்" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்புவுக்குப் பிறகு இந்தக் கோயிலில் மூப்பர் வேலை என் கையில் இருக்கிறது. செத்தவீட்டுச் செபமும் தபசு காலத்தில் பாடும் பசாமும் நான்தான் தொடங்கிவைக்கிறேன். என் வீட்டுப் பெண் வேற்றுச் சபைப் பீடத்தில் ஏறினா என்றால் நான் எந்த முகத்தோடு முன்னுக்கு நிற்பது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி அங்கே போகமாட்டேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். வாசலில் நின்று வாசித்துக் காட்டிவிடுகிறேன். கதை அதோடு முடியும்.

பிலோமினாவின் கரைச்சல் வேறு. அந்தப் பேப்பர் படத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. நான் எடுத்து ஒளித்தால் தேடிப்பிடித்துத் திரும்ப வைக்கிறா. "மச்சாள் வெள்ளையில வடிவா நிக்கிறா. உங்களுக்கென்ன எரிச்சல்?" என்று கேட்கிறா.

தங்கள் தம்பி
பஸ்ரியன்


டோர்செட் பார்க்
28.05.1995

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இந்தக் கிழமைதான் வந்தது. செய்தியில் கேட்பவை நல்லதாக இல்லை. பதுங்குகுழியைத் துப்புரவாக வைத்திருக்கிறாயா? மழை வந்தால் பாம்பு இறங்கும். பிலோமினாவைப் படியிறக்கும்போது கையைப் பிடி. நான் சுகமாக இருக்கிறேன்.

இரண்டு வரி கேட்டாய். இதோ.

நான் அங்கே போகிறேன்.
இனியும் போவேன்.

இதை வாசலில் நின்று வாசி.

வின்சனும் உன் கட்சிதான். போன சனி வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதவடியில் நின்று, "அம்மா, சனம் கதைக்குது. உங்களுக்கு உது தேவையே?" என்றான். "எந்தச் சனம்? பஸ் ஸ்ரொப்பில நான் பனிக்குள்ள நிக்கேக்க காரில கடந்துபோன சனமோ?" என்று கேட்டேன். கத்தோலிக்கக் கோயிலைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துவிடாதே. நல்ல சுவாமி, பெரிய கோயில், கார் விட இடமில்லாத சனம். ஆனால் ஒன்றரை வருடமாக அதே வாங்கிலில் இருக்கிறேன், என் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாசி மாதம் நான் காய்ச்சலில் விழுந்ததை உனக்கு எழுதவில்லை. ஒரு ஞாயிறு என்னைக் காணவில்லை என்றவுடன் ஹார்ட்லி மாடியேறி வந்து கதவைத் தட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கோயில் பெண்கள் முறை வைத்துச் சூப் கொண்டுவந்தார்கள். வாயில் வைக்க முடியாத சூப், உப்பே இல்லை. சொன்னேன். மறுநாள் வந்தவள் ஒரு கையில் சூப்பும் மறு கையில் உப்புப் போத்தலுமாக வந்தாள். நான் குறை சொல்வேன் என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப வந்தார்கள், பஸ்ரியன். என் சுபாவம் உனக்குத் தெரியும். அதைப் பொறுத்துக்கொண்ட சனம் உலகத்தில் அதிகமில்லை.

மூப்பருக்கு வெட்கமென்றால் அது மூப்பருடைய பாடு. தம்பிக்கு வெட்கமென்றால் எனக்குக் கவலை. நீ எந்த ஆளாக எழுதுகிறாய் என்று சொல்.

உன் அக்கா
செலீன்


யாழ்ப்பாணம்
02.09.1995

இயேசு மரி சூசை துணை

அக்காவுக்கு,

சுகம். தங்கள் சுகத்துக்கும் மன்றாடுகிறோம். பிலோமினா விசேடமாகச் சுகம் கேட்கச் சொன்னா.

ஆடியில் நவாலிக் கோயிலில் குண்டு விழுந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே சனம் கோயிலுக்குள் ஓடி ஒதுங்கிய இடத்திலேயே செத்துக் கிடக்கிறது. நீங்கள் அங்கே நல்ல சூப்புக்காக வேறு கோயில் பார்க்கிறீர்கள்.

நான் இரண்டு ஆளில்லை. மூப்பரும் தம்பியும் ஒருவன்தான். தங்கள் இரண்டு வரியை நான் வாசலில் வாசிக்கவில்லை, கிழித்துவிட்டேன். கார்த்திகையில் காலமான அத்தானுக்கு ஆண்டுப் பூசை ஒப்புக்கொடுப்பேன். அதில் தங்கள் பெயர் சொல்லப்படாது. சேமக்காலையில் அவருடைய கல்லறைக்குப் பக்கத்தில் தங்களுக்கென்று விட்டிருக்கும் இடத்தைப் பற்றியும் இனி என்னிடம் கேட்கவேண்டாம்.

இனி எழுதமாட்டேன்.

பஸ்ரியன்


டோர்செட் பார்க்
26.11.1995

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு,

எழுதமாட்டேன் என்று நீ சொன்னாய். நான் சொல்லவில்லை.

சண்டையால் யாழ்ப்பாணம் முழுவதும் எழும்பி ஊரை விட்டு நடந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நீ எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. றீற்றாவுக்குக்கூடத் தெரியவில்லை, அதனால் நிலைமை மோசமென்று விளங்கியது. இந்தக் கடிதத்தை மூன்று பிரதி எழுதி, ஒன்றை மன்னார் ஆயர் இல்லத்துக்கும், ஒன்றை மடுக் கோயிலுக்கும், ஒன்றை கொழும்பில் ஒரு மதருக்கும் அனுப்புகிறேன். கால் இருக்கிற கத்தோலிக்கர் எல்லோரும் கடைசியில் மாதாவிடம்தான் போவார்கள் என்பது என் கணக்கு.

பிலோமினா எப்படி நடந்தாள்? அவளைத் தூக்கினீர்களா, சைக்கிளில் வைத்தீர்களா? பிள்ளைகள் நனைந்தார்களா? எனக்கு ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக எழுது.

ஞாயிறுதோறும் சென். ஒஸ்வால்டில் உங்கள் பெயர்களைச் சொல்லி மன்றாடுகிறார்கள். உன் பெயர் அவர்களுடைய வாயில் வரவில்லை. ஆகவே நானே வாசிக்கிறேன். கோபித்துக்கொண்டு உயிரோடு இரு. எனக்கு அது போதும்.

உன் அக்கா
செலீன்


மடு
14.02.1996

இயேசு மரி சூசை துணை

அக்காவுக்கு,

தங்கள் கடிதம் ஒன்று இங்கே சுவாமியார் கையில் கிடைத்தது. எழுதமாட்டேன் என்றவன் எழுதுகிறேன். தேடிய ஆளுக்கு மறுமொழி சொல்லவேண்டும்.

நானும் றஜிதாவும் பிள்ளைகள் இருவரும் மடுவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். சுகம். மரத்தின் கீழ் தறப்பாள் கட்டியிருக்கிறோம். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து வந்து போகிறது. தண்ணீருக்கு வரிசை. பின்னேரச் செபமாலைக்கு மாதா காலடியில் போய் இருக்கிறேன். தொடங்கிவைப்பது வேறு ஆட்கள்.

அங்கே எங்கள் பெயர்களை வாசிக்கவேண்டாம்.

பஸ்ரியன்


டோர்செட் பார்க்
17.03.1996

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறாய். தேவனுக்குத் தோத்திரம். சின்னவளுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறீர்களா? நுளம்புவலை கிடைக்குமென்றால் முதலில் அவளுக்கு.

நீ நான்கு பேரை எழுதியிருக்கிறாய். ஐந்தாவது ஆள் எங்கே? அவசரத்தில் விட்டிருப்பாய். அடுத்ததில் எழுது.

இப்போது நான் சொல்வதை எரிச்சல்படாமல் வாசி. போன ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் தேநீர் கொடுத்தபோது எலனோர் எழும்பி, செலீனுடைய ஆட்களை நாங்கள் பொறுப்பெடுத்துக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டா. இங்கே ஒரு கோயில் அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்கலாம். ஆனால் நீங்கள் உங்கள் நாட்டை விட்டு வெளியே, இந்தியாவிலாவது இருக்கவேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டேன்.

அங்கே விற்றேக்கர் என்றொரு கிழவி. பீடத்துப் பூக்களை அவள் அடுக்கும் விதத்தை நான் எல்லோருக்கும் முன்னால் பிழை சொன்னதால் ஒரு வருடமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள். தூக்கிவிட்டு, என்னைப் பார்க்காமலே, "அந்தக் குடும்பமும் இவளைப் போலத்தான் இருக்குமோ?" என்று கேட்டாள். "தம்பி என்னைவிட மோசம்" என்றேன். ஹார்ட்லி, "அவருக்குப் பனி வழிக்கத் தெரியுமா?" என்றார். "கோபிக்கத் தெரியும். மண்வெட்டியைக் கையில் கொடுத்தால் கோபத்திலேயே வழித்துவிடுவான்" என்றேன். மண்டபம் முழுவதும் சிரித்தது. பிறகு எல்லாக் கைகளும் மேலே இருந்தன.

மன்னாரிலிருந்து சனம் கடல் தாண்டுவதாகக் கேள்வி. தாண்டு என்று நான் சொல்லமாட்டேன். கடலை நீதான் அறிவாய். தாண்டினால் எழுது.

உன் அக்கா
செலீன்


மண்டபம் முகாம்
தமிழ்நாடு
20.08.1996

இயேசு மரி சூசை துணை

அக்காவுக்கு,

ஆடி மாதம் பேசாலையிலிருந்து வள்ளத்தில் வந்து சேர்ந்தோம். தங்கள் கடிதத்துக்காக வரவில்லை. மடுவில் சின்னவளுக்கு மலேரியா இரண்டாம் முறை வந்தது, அதனால் வந்தோம். இப்போது பரவாயில்லை. தாங்கள் சுகமென்று நம்புகிறேன்.

தங்கள் கோயிலார் பெரிய மனதோடு செய்ய நினைப்பதற்கு நன்றி. வேண்டாம். எங்கள் பகுதியில் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கும் அரிசிக்கும் வேதம் மாறியவர்களைச் சனம் இன்றைக்கும் எந்தப் பெயரால் சொல்கிறது என்று தங்களுக்குத் தெரியும். நான் அந்த வரிசையில் போய் நிற்கமாட்டேன். அவர்கள் கேட்கமாட்டார்கள் என்பீர்கள். கேட்கத் தேவையில்லை. அவர்களுடைய சோற்றைத் தின்று, அவர்களுடைய வீட்டில் இருந்து, ஞாயிறு அவர்களுடைய கோயில் மணி அடிக்கும்போது நான் எப்படி மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பேன்?

தாங்கள் அதை விட்டால் வேறு கதை. அப்போது அக்கா கூப்பிட்டதாக வருவேன்.

பஸ்ரியன்

மாமி, அப்பா தபாலில் போடத் தந்தவர். மூலையில் எழுதுறன். நானும் பிள்ளையளும் வாறம். ஆர் கூப்பிட்டாலும் வாறம். அப்பாவைத்தான் நீங்கள் கேக்கவேணும். றஜிதா.


டோர்செட் பார்க்
15.09.1996

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளைக்குச் சுகம் என்றது பெரிய ஆறுதல். எனக்குக் கண்ணில் புரை. ஒரு கண்ணில் வெட்டிவிட்டார்கள். இதை மற்றக் கண்ணால் எழுதுகிறேன், எழுத்துச் சரிந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு மூன்று மறுமொழி.

ஒன்று. அவர்கள் என்னைக் கத்தோலிக்கப் பெண்ணாகவே இரண்டரை வருடமாக முன்வாங்கிலில் வைத்திருக்கிறார்கள். நன்மை கொடுக்கும்போது நான் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்கிறேன். எலனோர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்தவரிடம் போகிறா. ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. உன்னிடம் மட்டும் கேட்பார்கள் என்று நினைக்க நீ அவ்வளவு பெரிய ஆளில்லை.

இரண்டு. நான் விடமாட்டேன். நீ வருவதற்காகவும் விடமாட்டேன். விட்டால் நீ வந்து இறங்கும் நாளில் உன்னை வரவேற்க நிற்கும் சனத்தின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? என்னைக் கொடுத்து உன்னை வாங்கும் வியாபாரத்துக்கு நான் சம்மதமில்லை.

மூன்று. இதுதான் முக்கியம். மாசியில் நான்கு பேர் என்று எழுதினாய். ஐந்தாவது ஆள் எங்கே என்று கேட்டேன். இந்தக் கடிதத்திலும் அவள் இல்லை. முன்பெல்லாம் நீ என்னைத் திட்டி எழுதினாலும் கடைசியில் பிலோமினா சுகம் கேட்டாள் என்று ஒரு வரி இருக்கும். பஸ்ரியன், எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிப் பல மாதமாகிறது. ஆனால் நீ எழுதாமல் நான் அழமாட்டேன், அவளுக்காகப் பூசை கேட்கவும் மாட்டேன். உன் பெண்சாதியின் சாவை நான் ஊகித்து அறிவது அவளுக்குச் செய்யும் மரியாதையில்லை.

எழுது.

உன் அக்கா
செலீன்


மண்டபம் முகாம்
08.12.1996

இயேசு மரி சூசை துணை

பாசமுள்ள அக்காவுக்கு,

இன்றைக்கு அமலோற்பவத் திருநாள். றஜிதாவும் பிள்ளைகளும் பூசைக்குப் போய்விட்டார்கள். தங்கள் கண் இப்போது எப்படி?

பிலோமினா போன வருடம் மார்கழி தொடக்கத்தில் எங்களை விட்டு மோசம் போய்விட்டா. மடுவுக்கு வருவதற்கு முன். கிளாலிக் கடல் தாண்டி, வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தோம். வழியெல்லாம் மழை. காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டியும் கிடைக்கவில்லை. சுவாமியாரைத் தேடி ஆள் அனுப்பினோம். வெள்ளத்தில் பாதை அறுந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவவைப் புதைக்கக் கிடங்கு வெட்டினார்கள். சனம் வந்து நின்றது, மூப்பர் செபத்தைத் தொடங்குவார் என்று. ஊரில் எத்தனை பேருக்குத் தொடங்கிவைத்தவன் நான். அன்றைக்கு எனக்கு வாய் திறக்கவில்லை அக்கா. முதல் சொல் வரவில்லை. மழைக்குள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பக்கத்து வகுப்பறையில் இருந்த ஒரு மனுசி முன்னுக்கு வந்தா. புனிதவதி ரீச்சர். "மூப்பர், நான் சொல்லட்டே?" என்று கேட்டா.

"நீங்கள் கத்தோலிக்கமோ?" என்றேன்.

"இல்லை. அமெரிக்கன் மிசன் புரட்டஸ்தாந்து. ஆனால் மனிசருக்குச் செபம் சொல்லத் தெரியும்."

நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. றஜிதாதான், "அப்பா, அம்மா நனையிறா. விடுங்கோ" என்றாள். அந்த மனுசி புத்தகமில்லாமல், ஒரு சொல்லில் தடக்காமல், கடைசிவரை சொல்லி முடித்தா. சனம் ஆமென் சொன்னது. நானும் சொன்னேன்.

அப்போது நான் நினைத்தது தங்களைத்தான். நல்லபடியாக நினைக்கவில்லை. கோபமாகத்தான் நினைத்தேன். தாங்கள் எங்கேயோ இருந்துகொண்டு என்னை வென்றுவிட்டது போலிருந்தது. அதனால்தான் எழுதவில்லை. பிலோமினா இல்லை என்று எழுதினால் மற்றதையும் எழுதவேண்டும்.

எழுதிவிட்டேன். இதனால் நான் தங்கள் பக்கம் வந்துவிட்டதாக எடுக்கவேண்டாம். ஒரு பெண் பீடத்தில் நிற்பது சரியில்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். பயணத்தைப் பற்றி இப்போது என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

தங்கள் தம்பி
பஸ்ரியன்


டோர்செட் பார்க்
12.01.1997

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் புதுவருடத்துக்கு மறுநாள் வந்தது. வாசித்துவிட்டு அழுதேன். அதை எழுத வெட்கமில்லை. நீ சாப்பிடுகிறாயா? கடற்காற்றுப் படாமல் நெஞ்சை மூடிக்கொண்டு படு. எனக்கு இரண்டு கண்ணும் இப்போது தெளிவு.

சனி பின்னேரம் கத்தோலிக்கக் கோயிலில் பிலோமினாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். வின்சனும் மனைவியும் வந்தார்கள். றீற்றாவும் வந்து, என் பக்கத்தில் இருந்து, வாயைத் திறக்காமல் அழுதுவிட்டுப் போனாள். அவள்மேல் எனக்கு இப்போது கோபமில்லை. ஞாயிறு சென். ஒஸ்வால்டில் இறந்தவர்களுக்காக மன்றாடும் நேரம் வந்தபோது நான் எழும்பினேன். பெயரைச் சொல்ல எனக்கும் குரல் வரவில்லை. விற்றேக்கர் கிழவி என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்து, பிலோமினா என்று, பிழையில்லாமல், எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். வாய் அடைத்துப்போவது உனக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் வெல்லவில்லை. பிலோமினாவின் குழியடியில் வெற்றி தேடும் பெண்ணாக என்னை நீ நினைத்திருந்தால் அதுதான் எனக்குப் பெரிய அவமானம். நீ என் பக்கம் வரவும் தேவையில்லை. பெண் பீடத்தில் நிற்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வா. வந்து என்னோடு சண்டை பிடி. இங்கே அதற்கு ஆளில்லாமல் இருக்கிறேன்.

ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடு. ஹார்ட்லியின் வீட்டுக் கீழ்த்தளத்தை உங்களுக்கென்று திருத்திப் பூச்சுப் பூசியிருக்கிறார்கள். ஞாயிறு அவர்களுடைய மணி உனக்குக் கேட்கும். உன்னைக் கத்தோலிக்கக் கோயிலில் இறக்கிவிட்டுத் தன் கோயிலுக்குப் போவதாக ஹார்ட்லி சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் நான் வெள்ளை அங்கியோடு வாசகம் வாசித்துக்கொண்டிருப்பேன். அதில் மாற்றமில்லை. உன் ஊர்ச்சனம் இங்கேயும் இருக்கிறது, கதைக்கும். அதிலும் மாற்றமில்லை.

றஜிதா தனக்கும் பிள்ளைகளுக்கும் சம்மதம் என்று தனியாக எழுதிவிட்டாள். அவர்களுடைய அலுவல் உன்னால் நிற்காது. நிற்க நான் விடமாட்டேன். மீதம் உன்னுடையது மட்டும். விருப்பமில்லாத மனுசனைக் கூட்டிவருவதில்லை என்று எலனோர் சொல்கிறா, அது சரி. ஆகவே நீயே சொல்லவேண்டும். கோயில் கூட்டம் பங்குனி முதல் ஞாயிறு.

வின்சனுக்குத் தொலைபேசியில் சொல்லி அனுப்பாதே. றஜிதாவைக் கொண்டு மூலையில் எழுதுவிக்காதே. அக்கா சொன்னபடி என்றும் எழுதாதே. வருகிறாயா, இல்லையா என்பதை உன் கையால் எழுதி, கையெழுத்திட்டு, பங்குனிக்கு முன் எனக்கு அனுப்பு.

உன் அக்கா
செலீன்